பதிவு எண் இல்லாத நர்ஸ் வேலை விளம்பரங்களை அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் வரும் நர்ஸ் வேலை அறிவிப்புகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். "வளைகுடா நாட்டுக்கு ஸ்டாஃப் நர்ஸ் தேவை, அனுபவம் தேவையில்லை, உடனடி விசா, தங்குமிடம் இலவசம்" என்று நான்கு வரி, அதன் கீழே ஒரு கைப்பேசி எண். எந்த மருத்துவமனை என்று இல்லை, ஏஜென்ட்டின் முகவரி இல்லை, அரசாங்கம் கொடுத்த பதிவு எண்ணும் இல்லை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் எதுவானாலும் பதிவு எண் இல்லாமல் வந்தால் வாங்காதீர்கள்.

நான் பல வருடம் வார்டில் நின்றவள், இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். படித்து முடித்துப் போன பிள்ளைகள் இந்த விளம்பரங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "மேடம், பேப்பர்லயே வந்திருக்கு, நம்பலாம்ல?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஏஜென்ட் யாரென்று தெரியாது, ஆனால் உங்கள் பத்திரிகையைத் தெரியும். வீட்டில் அப்பா தினமும் படிக்கிற பேப்பர், விசாரித்துத்தானே போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளம்பரங்களின் உண்மைத்தன்மைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் நீங்கள் போட்டிருப்பது எனக்குத் தெரியும். கடன் வாங்கப் போகிற குடும்பம் அதைப் படிப்பதில்லை.

நான் கேட்பது புதிதாக ஒரு கட்டுப்பாடும் இல்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தவருக்கு ஒரு லைசென்ஸ் எண் உண்டு, பதிவு எண் என்று நான் சொல்வது அதைத்தான். அதை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும், பத்திரிகையில் கொடுத்தாலும் சமூக ஊடகத்தில் கொடுத்தாலும் விளம்பரத்தில் அந்த எண் இருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகமே சொல்லியிருக்கிறது. இமைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது, யாருடைய லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது, யாருடையது காலாவதியாகிவிட்டது என்று அங்கேயே பார்க்கலாம். உங்கள் விளம்பரப் பிரிவில் இருப்பவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. "எங்கள் தலைமை அலுவலகம் மும்பையில், லைசென்ஸ் அவர்களிடம் இருக்கிறது, நாங்கள் அவர்களுக்காக ஆள் எடுக்கிறோம்" என்று யாராவது சொன்னால் அப்போதும் வாங்காதீர்கள், துணை ஏஜென்ட் வைத்து ஆள் பிடிப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை.

அப்புறம் பணம். பதிவு பெற்ற ஏஜென்ட் வேலை தேடுபவரிடம் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை இதையும் தாண்டி, பொதுவாக வேலை தேடுபவரிடம் தனியார் முகமைகள் கட்டணமே வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் என்னிடம் வந்து சொல்லும் பிள்ளைகளிடம் கேட்கப்படும் தொகை எப்போதும் லட்சங்களில்தான். முதலில் பதிவுக் கட்டணம் என்று கொஞ்சம், பிறகு டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்புக்கு, பிறகு விசா ஸ்டாம்பிங்குக்கு, பிறகு "மேலே ஒருவருக்குக் கொடுக்க வேண்டும்" என்று ஒரு தொகை. ரசீது கேட்டால் "நம்பிக்கை இல்லையென்றால் விட்டுவிடு, உனக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள்" என்று பதில். இப்படிச் சொன்னதும் வீட்டில் இருப்பவர்களே பதறிப்போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

இதெல்லாம் எங்கோ ஒன்றிரண்டு என்று நினைக்காதீர்கள். 2015-ல் கேரளத்தில் குவைத்துக்கு நர்ஸ்களை எடுத்ததில் சிபிஐ ஒரு வழக்குப் போட்டது. அப்போதைய விதிப்படி 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரிடமும் 19.5 லட்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நூறு மடங்கு! அந்த வருடம்தான் மத்திய அரசு, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் குடிபெயர்வு அனுமதி வாங்கியே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஈசிஎன்ஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்ற குறிப்பு, இருக்கிறதே என்று சொல்லித் தப்பிக்க முடியாது, நர்ஸ் என்றால் அனுமதி வேண்டும். விதி வந்தபோது ஆள் எடுக்கும் பொறுப்பு மாநில அரசு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஒடேபெக். நமக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978-லிருந்து இருக்கிற தமிழ்நாடு அரசு நிறுவனம் அது. எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும் என்று என் வகுப்பில் கேட்டுப் பார்த்தால் கை தூக்குகிறவர்கள் மிகக் குறைவு. ஏஜென்ட்டின் கைப்பேசி எண் மட்டும் எல்லாரிடமும் இருக்கிறது.

அனுமதி வாங்காமல் அனுப்ப ஏஜென்ட் கையாளும் வழி விசிட் விசா. "முதலில் விசிட்டில் போ, அங்கே போனதும் மாற்றிவிடலாம்" என்பார்கள். இந்த வாக்கியத்தைக் கேட்ட உடனே எழுந்து வந்துவிடுங்கள் என்று நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்கிறேன். விசிட் விசாவில் போனவர் அங்கே சட்டப்படி வேலை பார்க்க முடியாது, அந்த நாட்டு நர்ஸ் லைசென்ஸ் இல்லாமல் நோயாளியைத் தொடவும் முடியாது. பிறகு ஏதாவது வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான், சம்பளம் வரவில்லை என்றால் புகார் கொடுக்கவும் பயம்.

2014-ல் இராக்கின் திக்ரித் நகரத்தில் போருக்கு நடுவே 46 இந்திய நர்ஸ்கள் சிக்கிக்கொண்டது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதில் பெரும்பாலோர் கேரளத்துப் பெண்கள். மீட்டுக் கொண்டுவந்தபோது எல்லாரும் மகிழ்ந்தோம், பத்திரிகைகள் எல்லாம் முதல் பக்கத்தில் போட்டன. ஆனால் அவர்களில் பலர் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கிவிட்டுப் போனவர்கள், அங்கே மாதக்கணக்கில் சம்பளம் வராதவர்கள். உயிருக்கே ஆபத்து என்றபோதும் திரும்பி வந்தால் கடனை எப்படி அடைப்பது என்று அவர்கள் தயங்கியதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. நேர்மையான கட்டணத்தில் போயிருந்தால் அந்தத் தயக்கமே வந்திருக்காது.

சரி, "அனுபவம் தேவையில்லை" என்று போடுகிறார்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்று இங்கேதான் தொடங்குகிறது. வளைகுடாவில் நல்ல மருத்துவமனைகள் பொதுவாக இரண்டு வருடமாவது வார்டு அனுபவம் கேட்கின்றன, ஐசியூ, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று குறிப்பிட்ட பிரிவு அனுபவம் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். அனுபவம் இல்லாத பிள்ளையிடம் ஏஜென்ட் என்ன சொல்கிறார் தெரியுமா? "அது பிரச்சினையில்லை, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நாங்களே தயார் பண்ணித் தருகிறோம்" என்கிறார். அதற்குத் தனி ரேட். இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதது, அந்தச் சான்றிதழ் டேட்டாஃப்ளோ சரிபார்ப்புக்குப் போகும் என்பது. அவர்கள் நாம் கொடுத்த நகலைப் பார்த்துவிட்டுச் சும்மா விடுவதில்லை. படித்த கல்லூரி, பதிவு செய்த கவுன்சில், வேலை பார்த்ததாகச் சொன்ன மருத்துவமனை என்று ஒவ்வொரு இடத்துக்கும் நேராகவே எழுதிக் கேட்கிறார்கள். பொய் என்று தெரிந்தால் அந்த அறிக்கை அந்தப் பெண்ணின் பெயரில்தான் நிற்கும், ஏஜென்ட்டின் பெயரில் இல்லை. பிறகு உண்மையான அனுபவம் சேர்த்துக்கொண்டு விண்ணப்பித்தாலும் பழைய அறிக்கை குறுக்கே வந்து நிற்கும். இருபத்திரண்டு வயதில் யாரோ அடித்துக் கொடுத்த ஒரு தாளுக்காக ஒரு பெண்ணின் வெளிநாட்டு வாய்ப்பு மொத்தமும் போய்விடுகிறது, எனக்கு இதைவிடக் கோபம் தருகிற விஷயம் வேறு இல்லை.

அப்படியானால் அனுபவத்தை இங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் உள்ளூர் வேலையின் நிலைமை வருகிறது, வெளிநாட்டு வேலையையும் உள்ளூர் வேலையையும் தனித்தனியாகப் பேசவே முடியாது என்பது என் கருத்து. இங்கே ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால் யாரும் "அனுபவம் தேவையில்லை" விளம்பரத்துக்கு விழமாட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 100 படுக்கைக்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-லிருந்து 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்குக் கீழே எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அதே வருடம் மாநிலங்களுக்கும் அனுப்பினார்கள். கேரளத்தில் நர்ஸ்கள் 2017-ல் தெருவில் இறங்கிப் போராடினார்கள், 2018-ல் அங்கே அரசாணை வந்தது, குறைந்தபட்சச் சம்பளம் 20,000 ஆனது. நம்மிடம் படித்துப் போகிற பிள்ளைகள் பலர் இன்றைக்கும் அதில் பாதிக்கு நைட் டியூட்டி பார்க்கிறார்கள். ஒரு நைட்டுக்கு ஒரே நர்ஸ், முப்பது நோயாளி.

இதோடு பாண்டு. வேலையில் சேரும் அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், இரண்டு வருடம் முடிந்தால்தான் தருவோம், நடுவில் போனால் பணம் கட்டு என்கிறார்கள். ஒருவருடைய கல்விச் சான்றிதழை இப்படிப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. இருந்தும் நடக்கிறது. வெளிநாட்டு மருத்துவமனை நேர்முகத் தேர்வில் எடுத்த பிறகும், ஒரிஜினல் கைக்கு வராததால் வாய்ப்பை விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். வேலை பார்த்ததற்கு அனுபவச் சான்றிதழ் கேட்டால் அதற்கும் இழுத்தடிப்பு. உண்மையான சான்றிதழுக்கு ஆறு மாதம் அலைய வேண்டும், பொய்யானது ஒரே நாளில் கிடைக்கும் என்றால் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள்?

அரசு வேலை என்று பார்த்தால் நம் மாநிலத்தில் 2012-லிருந்து மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இருக்கிறது. ஆனால் பல வருடமாக நர்ஸ்களைத் தொகுப்பூதியத்தில் எடுப்பது, பிறகு எப்போது நிரந்தரம் என்று தெரியாமல் காத்திருக்க வைப்பது என்றே போகிறது. 2017-ல் சென்னையில் நர்ஸ்கள் போராடியபோது அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தது மாதம் 7,700 ரூபாய், அதுவும் தேர்வு எழுதி வந்தவர்கள். கொரோனா காலத்தில் அவசரமாகச் சேர்த்தவர்களில் 2,400-க்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பரோடு நிறுத்தினார்கள். பிபிஇ கிட்டுக்குள் வியர்வையோடு நின்றவர்களுக்கு நாம் கொடுத்த மரியாதை இதுதான். தொகுப்பூதியம் பிறகு கூட்டப்பட்டது, ஆனாலும் நிச்சயமில்லாத வேலை நிச்சயமில்லாத வேலைதான்.

மத்திய அரசுப் பக்கம் ஒரு நல்ல வழி இருக்கிறது, நம் பிள்ளைகள் அதிகம் கவனிக்காத வழி. 2020-லிருந்து எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு நார்செட் என்று பொதுத் தேர்வு நடக்கிறது. ராஜஸ்தானிலும் கேரளத்திலும் இதற்கென்றே பயிற்சி எடுத்து எழுதுகிறார்கள், மொழி தெரியாத ஊராக இருந்தாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். பிஎஸ்சி நர்சிங் முடித்தவருக்கு அனுபவம் தேவையில்லை. ஜிஎன்எம் என்ற டிப்ளமோ நர்சிங் முடித்தவருக்கு 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். இதைத் தெரியாமல் வீட்டுக்குப் பக்கம் என்று 15 படுக்கை நர்சிங் ஹோமில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, விண்ணப்பம் போடும்போதுதான் அது கணக்கில் வராது என்று தெரிந்து அழுகிறவர்கள் உண்டு. முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதே படுக்கை எண்ணிக்கையைக் கேளுங்கள், எந்தப் பிரிவில் போடுவார்கள் என்று கேளுங்கள், ஆயிரம் இரண்டாயிரம் சம்பளம் குறைந்தாலும் ஐசியூ கிடைத்தால் அங்கே போங்கள் என்றுதான் நான் சொல்வேன். ரயில்வே, இஎஸ்ஐ, ஜிப்மர் அறிவிப்புகளும் வருகின்றன. உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வங்கித் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் கொடுக்கும் இடத்தில் கால்வாசி இதற்குக் கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் பயன் அடைந்திருப்பார்கள்.

ஐரோப்பா பக்கமும் இப்போது இதே மாதிரி விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன. பிரிட்டனில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க அங்குள்ள நர்சிங் கவுன்சிலின் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேற வேண்டும், ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7, அல்லது அதற்கு இணையாக, மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வு. ஆள் எடுப்பதற்காக நர்ஸிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்த நாட்டு அரசின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. ஆங்கிலத் தேர்வு தேறாதவர்களை ஏஜென்ட்டுகள் "கேர் ஒர்க்கர் விசாவில் போ, அங்கே போய் நர்ஸ் ஆகிக்கொள்ளலாம்" என்று பல லட்சம் வாங்கி அனுப்பினார்கள், கேர் ஒர்க்கர் என்றால் முதியோர் போன்றவர்களைப் பராமரிக்கும் உதவியாளர், நர்ஸ் இல்லை. 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்பதையே பிரிட்டன் நிறுத்திவிட்டது. ஏற்கெனவே போனவர்கள் கேர் ஹோமில் பார்க்கும் வேலை நர்ஸ் அனுபவமாகக் கணக்கில் வராது. இனி அந்தப் பெயரில் யாராவது விளம்பரம் கொண்டுவந்தால் அது என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஜெர்மனிக்கு வாய்ப்பு இருக்கிறது, உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அங்கே முழு நர்ஸாக அங்கீகாரம் கிடைக்க ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 நிலை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசும் அளவு, வேண்டும், மொழிக்கே ஏறக்குறைய ஒரு வருடம் உட்கார்ந்து படிக்க வேண்டும். ட்ரிபிள் வின் என்று ஜெர்மன் அரசு அமைப்புகளே 2013-லிருந்து நடத்தும் திட்டத்தில் நர்ஸிடம் ஆளெடுப்புக் கட்டணம் வாங்குவதில்லை. கேரளம் 2021-லேயே அதில் ஒப்பந்தம் போட்டுவிட்டது. தனியார் சிலர் என்ன செய்கிறார்கள் என்றால், நான்கு வருடம் பிஎஸ்சி முடித்துப் பதிவும் செய்த நர்ஸை "ஆஸ்பில்டுங்" என்ற பயிற்சிப் படிப்பில் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து மூன்று வருடம் மாணவியாக உட்கார வைக்கிறார்கள். பிளஸ் டூ முடித்தவருக்கு அது நல்ல வழி, படித்து முடித்த நர்ஸுக்கு அது தேவையில்லை. வித்தியாசத்தைச் சொல்லாமலே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

உலக சுகாதார அமைப்பின் 2025 அறிக்கைப்படி 2023-ல் உலகத்தில் 58 லட்சம் நர்ஸ்கள் குறைவாக இருந்தார்கள். தேவை இருப்பது பொய்யில்லை. நம் பிள்ளைகளின் திறமையிலும் குறையில்லை. அதனால்தான் போகாதே என்று நான் யாரையும் தடுப்பதில்லை. சரியான வழியில் போனவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள், தம்பி தங்கையைப் படிக்க வைத்திருக்கிறார்கள், தலை நிமிர்ந்து வேலை பார்க்கிறார்கள்.

உங்களால் செய்ய முடிந்தவை சில இருக்கின்றன. பதிவு எண்ணை விளம்பரத்திலேயே அச்சிடுங்கள், எண் கொடுக்காதவரின் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள். அதனால் கொஞ்சம் வருமானம் குறையும், தெரிந்துதான் கேட்கிறேன். அப்புறம், அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நார்செட் அறிவிப்புகளுக்கு வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஒரு பெட்டி ஒதுக்குங்கள், கடைசித் தேதி, தகுதி, கட்டணம் மூன்றும் இருந்தால் போதும். 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரை நம் மாநிலத்தில் என்ன ஆனது என்று உங்கள் நிருபர் ஒருவர் சுகாதாரத் துறையில் போய்க் கேட்டு எழுதட்டும். எந்த மருத்துவமனை எவ்வளவு கொடுக்கிறது என்று விசாரிக்க வந்தால் பேசுவதற்கு நர்ஸ்கள் தயாராக இருக்கிறார்கள், பெயரைப் போடாமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
நர்சிங் ஆசிரியை ஒருவர்